பாய்லரில் சோப்பு நுரை

போன மாதம் வைட்டிலாவிலிருந்து மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் பாய்லர் இயக்குகிறவர்கள். அவர்கள் சங்கம் போடுகிற மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். "இப்போ எரிபொருள் மிச்சம் பிடிக்கறதுக்குத் தனி கோர்ஸே வந்தாச்சு சேட்டா. உங்க காலத்துல அதெல்லாம் உண்டோ?" என்று ஒருவர் கேட்டார். நாங்களெல்லாம் விறகை அள்ளிப் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியவர்கள் என்ற நினைப்பு அந்தக் கேள்வியில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. சாயா கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, கோபம் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத வருவது தமிழ், அவர்களுக்கு வாசிக்க வருவது மலையாளம். மாற்றி எழுதித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி மோசமாக வருகிற இடங்களை விட்டுவிடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான் போர்ட் கொச்சியில் துணி வெளுக்கிற குடும்பத்தில் பிறந்தவன். பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஆட்கள் நாங்கள். தோபிகானாவின் கல்தொட்டிகளில் இடுப்பளவு சோப்புத் தண்ணீரில் நின்றுதான் அப்பாவும் அண்ணனும் சம்பாதித்தார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை. விரல்கள் எப்போதும் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடப்பது பிடிக்கவில்லை. இனிமேல் சோப்புத் தண்ணீரில் கை வைக்க மாட்டேன் என்று அண்ணனிடம் சவால் விட்டுவிட்டு, மட்டாஞ்சேரியில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் விறகு சுமக்கச் சேர்ந்தேன். விறகு சுமந்து, தீ போட்டு, பாய்லர் பரீட்சை எழுதி, இரண்டாம் முறை பாஸாகி, இஞ்சின் டிரைவர் ஆனேன். இந்த ஒரு வாக்கியத்துக்குள் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

இஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். படுக்கைவாட்டில் ஒரே சிலிண்டர். அதன் சக்கரம் இரண்டு ஆள் உயரம். அது சுற்றினால் பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினால் கொப்பரை பிழிகிற எக்ஸ்பெல்லர்கள் எல்லாம் ஓடும். பாய்லருக்கு விறகும் தேங்காய்ச் சிரட்டையும் தீனி. விறகு கிழக்கிலிருந்து வள்ளத்தில் வரும். வேலை முடிந்த ஆவி கூரைக்கு மேலே ஒரு குழாய் வழியாகப் போய்விடும். அந்தக் குழாயைச் சுற்றி இருந்த ஓடுகள் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துக் கிடக்கும். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் வழுக்கி ஓட எண்ணெய் விட வேண்டும். அதற்கென்று தகர டின்னில் மினரல் ஆயில் மில்லுக்கு வரும். ஆனால் எங்கள் மில்லில் வேறொரு வழக்கம். காலையில் எக்ஸ்பெல்லரில் இறங்குகிற முதல் தேங்காயெண்ணெயில் ஒரு பித்தளை டம்ளர் இஞ்சினுக்கு. 'இஞ்சின் பங்கு' என்பார்கள். எனக்கு முன்பிருந்த டிரைவர் செய்ததை நானும் செய்தேன். சொந்த மில் எண்ணெய், சுத்தமான எண்ணெய், இதைவிட நல்லது எது என்று நினைத்தேன். டின் ஆயிலை வெளியே இருக்கிற பேரிங்குகளுக்கு விடுவேன். விற்கிற எண்ணெயில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அதனால் இஞ்சின் பங்கு மில்லில் எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது.

முதலாளி குஜராத்திக்காரர். பஜார் தெருவில் மூன்று கிடங்கு வைத்திருந்தார். நாங்கள் சேட்டு என்போம். எழுபதுகளின் கடைசியில் விறகு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பக்கத்து மில்களில் கரண்ட் மோட்டார் வந்துகொண்டிருந்தது. சேட்டு ஒரு நாள் கீழே இறங்கி வந்து, சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முருகேஷ், நாலில் ஒரு பங்கு விறகு குறையணும். மழைக்காலம் முடியறதுக்குள்ள. இல்லேன்னா இதை இரும்புக்கடைக்குக் கொடுத்துட்டு மோட்டார் வைப்பேன்." மோட்டார் வந்தால் எனக்கும், தீ போடுகிற சேவியருக்கும் அங்கே வேலை இல்லை. என் சர்டிபிகேட் ஆவிக்கு மட்டும்தான் செல்லும். கையில் இரண்டு பிள்ளைகள்.

விறகைக் குறைக்க வழி சொல்ல சேட்டு ஓர் இன்ஜினியரை ஏற்பாடு செய்தார். பெயர் அன்னம்மா. ஊர் கோட்டயம் பக்கம். இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மேடம் என்பதா, சேச்சி என்பதா என்று நாங்கள் திண்டாடியபோது, "காலேஜில குட்டிகள் சார்னுதான் விளிக்கறது, அது மதி" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் அன்னம்மா சார்.

அவர் வந்த முதல் வாரம் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, தராசுப் பக்கத்தில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொரு கட்டு விறகையும் எடை போடச் சொன்னார். மணிக்கொரு முறை தண்ணீர்த் தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். "இஞ்சினுக்குக் காய்ச்சலா சாரே?" என்று சேவியர் கேட்டான். "காய்ச்சல் இல்லாததாணு குழப்பம்", தண்ணீர் சூடாக இல்லாததுதான் கோளாறு என்று, சிரிக்காமல் பதில் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். எந்த வால்வைத் தொடுவதானாலும், "முருகேசன் சேட்டா, இதை நான் திருப்பட்டே?" என்று என்னிடம் கேட்டுத்தான் தொடுவார். அதற்கு முன் வந்த எந்தப் படித்த ஆளும் அப்படிக் கேட்டதில்லை. இருந்தும் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். நான் ஓட்டுகிற வண்டியை இன்னொருவர் எடை போடுவது யாருக்குப் பிடிக்கும்?

பிறகு ஒரு கருவியைக் கொண்டுவந்து சிலிண்டரில் பொருத்தினார். ஒரு சின்ன உருளையில் காகிதம் சுற்றியிருக்கும், பிஸ்டன் போய்வருகிறபோது ஒரு பென்சில் அதில் கோடு போடும். உள்ளே ஆவி எப்படி வேலை செய்கிறது என்பது அந்தக் கோட்டில் தெரியும். அவர் காகிதத்தை என் கையில் கொடுத்து விளக்கினார். பிஸ்டன் முக்கால் தூரம் போகிற வரைக்கும் நாங்கள் ஆவியை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தோம். கைவண்டியைத் தள்ளிவிட்டால் கொஞ்ச தூரம் தானாக ஓடும் அல்லவா, அதுபோல ஆவியைப் பாதித் தூரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டால் மீதியை அது தானாக விரிந்தே தள்ளிவிடும். விறகு கொடுத்த சூட்டில் பெரும்பகுதியை நான் வருஷக்கணக்காக மட்டாஞ்சேரி வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதற்கு முன், அவர் வந்த முதல் வாரத்திலேயே ஒன்று நடந்திருந்தது. சேட்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்னம்மா சார் அலமாரியில் இருந்த மினரல் ஆயில் டின்னைக் காட்டி, "சிலிண்டருக்கு இதுதானே?" என்று கேட்டார். நான் சேட்டுவின் முகத்தைப் பார்த்தேன். "ஆமா" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

அவர் வரைந்த மாற்றங்கள் மூன்று. ஆவியைச் சீக்கிரம் நிறுத்தும்படி வால்வை மாற்றினோம். சூட்டை வெளியே விடாமல் குழாய்களுக்கெல்லாம் களிமண் பூசி அதன்மேல் கயிறு சுற்றினோம். மூன்றாவதுதான் பெரியது. பிழிவதற்கு முன் கொப்பரையைச் சூடாக்குகிற அண்டாவுக்கு அதுவரை பாய்லரிலிருந்து நேராகப் புது ஆவி போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, கூரைக்குப் போகிற பழைய ஆவியை அண்டாவைச் சுற்றி ஓடவிட்டார். அங்கே அது குளிர்ந்து தண்ணீராகும். அந்தச் சுடுதண்ணீரைக் குழாய் வழியாகத் திரும்பத் தொட்டிக்குக் கொண்டுவந்து மறுபடி பாய்லருக்கே கொடுத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இதுவோ நல்ல தண்ணீர், அதுவும் சூடாக. பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி, மில்லை நிறுத்திப் போட்டு, எல்லாவற்றையும் மாற்றினோம். மறுபடி ஓட்டியபோது கூரைக்குழாய் சத்தமில்லாமல் இருந்தது. விறகுக் குவியல் மெதுவாகக் குறைந்தது. இரண்டு வாரம் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு முற்பகல். சேவியர் கூப்பிட்டான்: "முருகேசண்ணா, இங்க ஒண்ணு வந்து பாரு." பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, நடுவில் வெள்ளையாக நுரைத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரில் டக் டக் என்று அடி விழ ஆரம்பித்தது. நுரை ஆவியோடு சேர்ந்து போய் இஞ்சினுக்குள் தண்ணீராக இறங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் அடித்தால் சிலிண்டர் மூடி பெயர்ந்து பறக்கும். ஆவி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். அவசரப்பட்டு மூடினால் அதுவும் ஆபத்து. சிலிண்டரின் அடியிலுள்ள வடிகால் குழாய்களைத் திறந்துவிட்டேன், கொதிக்கிற நுரை தரையெல்லாம் சீறியது. "தீயை இழு" என்றேன். சேவியர் எரிகிற விறகை அடுப்பிலிருந்து வாரி வெளியே போட்டான். பாய்லருக்குள் நிஜமாக எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் குறைந்து தகடு காய்ந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சக்கரம் நிற்க வெகுநேரம் பிடித்தது. 

அன்னம்மா சார் வந்தார். தன் வரைபடங்களைத் தரையில் விரித்துவைத்து, ஒவ்வொரு குழாயாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். புதுத் தண்ணீர் நிரப்பி மெதுவாகத் தீ போட்டால் சிறிது நேரத்தில் மறுபடி நுரை. சேட்டு மாடியிலிருந்து இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் இரும்புக்கடைக்காரர் டேப்போடு வந்து, என் கண் முன்னால் சக்கரத்தை அளந்துவிட்டுப் போனார். "மேடத்துக்குப் பெரிய படிப்பு. இஞ்சின் அது படிக்கல" என்று சேட்டு மாடியிலிருந்தே எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்னம்மா சார் வரைபடங்களைச் சுருட்டினார். "தெற்று என்றெயாணு, எவிடேன்னு மட்டும் தெரியல்ல" என்று என்னிடம் சொன்னார். தப்பு தன்னுடையதுதான், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று. எனக்கு அந்த வார்த்தை கேட்கச் சங்கடமாக இருந்தது, ஆனால் ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அவர் போனபின் பாய்லரின் அடிக்குழாயைத் திறந்து ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தேன். ஆறியதும் கையை விட்டேன். விட்டதுமே தெரிந்துவிட்டது. எந்தத் தண்ணீரில் இனி கை வைக்க மாட்டேன் என்று ஓடிவந்தேனோ, அதே தண்ணீர். அதே வழுவழுப்பு. தேய்த்தேன், நுரைத்தது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது தேங்காயெண்ணெய் சோப்புதான், அது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாய்லரில் உப்புப் படியாமல் இருக்க நாங்கள் சலவைச் சோடா போடுவோம். பழைய ஆவி திரும்பி வந்தபோது, அதோடு நான் விட்ட தேங்காயெண்ணெயும் திரும்பி வந்துவிட்டது. சோடா, எண்ணெய், சூடு. சேட்டுவின் பாய்லரில் நான் இரண்டு வாரமாக சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் யோசித்தேன், அப்படி யோசித்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. குழாயைப் பழையபடி கூரைக்கே மாற்றிவிட்டால் நுரை நின்றுவிடும். பழி படம் வரைந்தவருக்குப் போகும். அவருக்குக் கல்லூரி வேலை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஆனால் மறுநாள் அவர் வந்து மறுபடி அதே வரைபடத்தை விரித்து அதே குழாய்களை விரலால் தொட ஆரம்பித்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"சாரே, கையை நீட்டுங்க" என்று வாளித் தண்ணீரை அவர் உள்ளங்கையில் விட்டேன். "தேய்ச்சுப் பாருங்க."

தேய்த்தார். "வழுக்குதே."

"சோப்பு சாரே. நான் தோபிகானாவுல பொறந்தவன். எனக்கு இது தப்பாது."

"சோப்பாகணும்னா சோடா மட்டும் போராதல்லோ. மினரல் ஆயில் சோப்பாகவும் ஆகாது."

"சிலிண்டர்ல மினரல் ஆயில் விடறதில்ல சாரே. நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

அவர் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அந்த மில்லில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் நோட்டைத் திறந்தார். "தெவசம் எத்ர?"

"ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்."

"எத்ர வருஷமாயிட்டு?"

"எனக்குப் பதினொண்ணு. எனக்கு முன்னால இருந்தவர் காலம் தெரியாது."

எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "சேட்டுகிட்ட சொன்னா உங்க ஜோலி?"

"போகும்."

அவர் நோட்டை மூடினார். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவப் போனார். சோப்புக் கையை வெகுநேரம் கழுவினார். அதற்குள் நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

சேட்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "பதினொரு வருஷம், தினம் ஒரு டம்ளர்" என்றார். "திருட்டு."  அப்போது அன்னம்மா சார் வாசலில் வந்து நின்றார்.

"சேட்டு சாயிப், இவர் அன்னைக்கு என்கிட்ட சொன்னது பொய்யாணு. ஆனா நான் சோதிச்ச விதமும் தெற்றாணு. டின்னைக் காட்டி 'இதுதானே'ன்னு கேட்டேன். பதிலையும் நானே கொடுத்துட்டு ஆமான்னு சொல்ல வச்சேன். என்ன விடறீங்கன்னு கேட்டிருக்கணும். இஞ்சினோட சூடெல்லாம் அளந்தேன், ஓட்டற ஆளோட ஒரு காலைப்பொழுது நின்னு பார்க்கல. ரெண்டு வாரம் கொடுங்க."

சேட்டு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு வாரம். முருகேஷ் வால்வைத் தொடக் கூடாது. தீ போடட்டும். பாய்லரை அவனே கழுவட்டும்."

அப்படியே நடந்தது. வால்வு சேவியர் கைக்குப் போயிற்று, நான் பழையபடி விறகு போடுகிறவனானேன். அதற்கு முன் பாய்லரை வடித்து, ஆறவிட்டு, மேல் மூடியைத் திறந்து, நான் பிரஷோடு உள்ளே இறங்கினேன். மூன்று நாள் வயிற்றால் ஊர்ந்து தகட்டைத் தேய்த்தேன். விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கிவிட்டன. மேலே துவாரத்திலிருந்து சேவியரின் குரல் வந்தது: "முருகேசண்ணா, வெள்ளைத் துணி தனியா, கலர்த் துணி தனியா போடணும் கேட்டோ." வீட்டுக்குப் போனால் அண்ணன் என் விரல்களைப் பார்த்துவிட்டு, பழைய சவாலை ஞாபகம் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் சிரித்தான்.

அன்னம்மா சார் திரும்பி வருகிற தண்ணீர்ப் பாதையில் ஒரு பெட்டி வைத்தார். உள்ளே மூன்று அறை. முதல் அறையில் எண்ணெய் மிதக்கும், அதை வழித்தெடுக்கலாம். இரண்டாவதில் தேங்காய் நார் திணித்திருக்கும், மூன்றாவதில் சிரட்டைக் கரி. சிலிண்டருக்கு மினரல் ஆயில், அதுவும் சொட்டுச் சொட்டாக. நாரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, என்னிடம் கேட்டார். எண்ணெய்த் துணி ஊறுகிற கணக்கில் யோசித்து, நாலு நாள் என்றேன். அதையே எழுதிக்கொண்டார்.

பிறகு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றது. விறகை மறுபடி எடை போட்டோம். முன்பு மூன்று நாளைக்கு வந்த விறகு நான்கு நாளைக்கு வந்து, அதன்மேலும் கொஞ்சம் மிஞ்சியது. சேட்டு தானே தராசுப் பக்கம் நின்று பார்த்தார். இனி வர வேண்டாம் என்று இரும்புக்கடைக்காரருக்கு ஆள் போயிற்று. மறுநாள் காலை எக்ஸ்பெல்லரில் முதல் எண்ணெய் இறங்கியபோது எல்லாரும் சேட்டுவைப் பார்த்தார்கள். அவர் பித்தளை டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி, நிரப்பி, இஞ்சினுக்கு முன்னால் மாட்டியிருந்த விளக்கில் தன் கையாலேயே ஊற்றினார். "இஞ்சின் பங்கு" என்றார். பிறகு சேவியரைப் பார்த்து, "வால்வை முருகேஷ்கிட்ட கொடு" என்றார். அப்போது எனக்கு அழுகை வந்தது. வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

அந்த இஞ்சின் அதன்பின் ஏழு வருஷம் ஓடியது. என் இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்த ஏழு வருஷத்துக்குள் முடிந்தது. எண்பதுகளின் நடுவில் சேட்டுவின் மகன் மோட்டார் வைத்தபோது, எனக்கு வெலிங்டன் தீவில் ஒரு கம்பெனி பாய்லர் ஹவுஸில் வேலை கிடைத்தது. 'விறகு குறைத்த இஞ்சினை ஓட்டியவர்' என்று சேட்டு எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அன்னம்மா சார் அதற்குள் வெளியூர் போய்விட்டார். முகவரி கேட்டு வைக்கத் தோன்றவில்லை, என் புத்தி அவ்வளவுதான்.

தீவில் சேர்ந்த இரண்டாம் வருஷம், எரிபொருள் சேமிப்பை ஆராய இரண்டு இளம் இன்ஜினியர்கள் வந்தார்கள். வந்ததும் எதையும் தொடவில்லை. அச்சடித்த ஒரு படிவத்தை என்னிடம் நீட்டி, நிரப்பித் தரச் சொன்னார்கள். பாய்லரின் அளவு, அழுத்தம், தண்ணீரின் சூடு எல்லாம் கீழே வரிசையாக இருந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் கேள்வி இது: 'இந்த இயந்திரத்துக்கு நீங்கள் தினமும் செய்வதில், எங்கும் எழுதி வைக்காதது என்ன?'

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். "இது யார் போட்ட கேள்வி?" என்றேன்.

"காலேஜில எங்க சார் எழுதினது" என்றான் ஒருவன். "அளக்கறதுக்கு முன்னால இதைக் கேட்கணும்னு சொல்லுவாங்க. இதுக்குப் பதில் எழுதாத படிவத்தை அவங்க வாங்கறதில்ல."

"அன்னம்மா சாரா?"

"அறியுமோ?" என்றான் அவன் ஆச்சரியத்தோடு.

தெரியும் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அது போதாது, இன்னொரு தாள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.